மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள்: கல்லீரல் நோயுள்ள என் அக்காவுக்கு மனச்சோர்வு மருந்து தேர்ந்தெடுத்த ஆலோசனை பற்றி

கல்லீரல் பிரிவோடு சேர்ந்த மருந்தாய்வு ஆலோசனை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். மருந்தாளுநர் ஒருவரும் மனநல மருத்துவர் ஒருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். இரண்டு முறை நேரில் போனோம், மூன்று முறை தொலைபேசியில் பேசினோம். கல்லீரல் நோயோடு மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இப்படி ஒரு இடம் இருக்கிறதா என்று உங்கள் கல்லீரல் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். நாங்கள் கேட்டது தாமதமாகத்தான்.

அக்காவுக்கு வயது 54. பித்தநாளங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோய், பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ். இப்போது அது சிரோசிஸாகி, அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிப்போய் இருக்கிறது. சிரோசிஸ் என்றதும் "குடிப்பாங்களா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவள் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்தக் கேள்வியே அவளைப் பாதி உடைத்தது. மீதியை அரிப்பு உடைத்தது. இந்த நோயில் அரிப்பு ராத்திரியில்தான் கூடும், அதுவும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். ஒரே அறையில் படுக்கிறவள் என்பதால் எனக்குத் தெரியும்: ஒரு மணிக்குத் தொடங்கும் அந்தச் சுரண்டல் சத்தம் விடியும் வரை நிற்காது. இரண்டு வருடம் அப்படி இருந்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். அழுவாள், காரணமில்லாமல் பயப்படுவாள், தொலைபேசி அடித்தாலே நெஞ்சு படபடக்கும்.

முதலில் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் எண்ணைப் பார்த்துவிட்டு, "கல்லீரல் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். உடம்பு வலியும் இருக்கிறதே என்று டுலோக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தை எழுதினார், தூக்கத்துக்கு குளோனாஸெபாம். நாங்களும் சந்தோஷமாக வாங்கி வந்தோம்.

நாலாவது நாள் அக்கா பகலெல்லாம் தூங்கினாள், ராத்திரி கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்து ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உறைத்தது அவளுடைய நோட்டைப் பார்த்தபோதுதான். எத்தனை மணிக்கு அரிப்பு வந்தது, எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று தினமும் அதில் எழுதுவாள். முத்து முத்தான எழுத்து அவளுக்கு. அன்றைக்கு எழுதிய வரி கோட்டை விட்டு இறங்கி அடுத்த கோட்டில் போய் நின்றது. 3 என்ற எண்ணை இரண்டு தடவை எழுதி, மூன்றாவது தடவை பாதியில் விட்டிருந்தாள். "என்னடி இது, என் கையெழுத்தா?" என்று என்னைக் கேட்டாள். கையை முன்னால் நீட்டச் சொன்னேன். மணிக்கட்டு பறவைச் சிறகு மாதிரி விட்டு விட்டு அடித்துக்கொண்டது.

கல்லீரல் மருத்துவர் அன்றைக்கே பார்த்துவிட்டார். கல்லீரல் வடிகட்டாமல் விட்ட கழிவுகள் மூளையைக் குழப்பும் நிலை இது, தூக்க மாத்திரை அதைத் தூண்டிவிட்டிருக்கிறது என்றார். இரண்டு மருந்தையும் நிறுத்தி, மலத்தை இளக்கிக் கழிவை வெளியேற்றும் லாக்டுலோஸ் கொடுத்தார். மூன்று நாளில் தெளிந்தாள். அவர்தான் இந்த ஆலோசனைக்கு எழுதிக் கொடுத்தார்.

சரி, ஆலோசனைக்கு வருகிறேன்.

வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். பட்டியல் வேண்டாம், மருந்தே வேண்டும் என்று. மருந்தாளுநர் பையை அப்படியே மேசையில் கொட்டினார். ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்து, எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்று எண்ணினார். "இதை எப்ப சாப்பிடுவீங்கம்மா? எதோட சேர்த்து?" இந்த இரண்டு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எந்த மருத்துவரும் பார்க்காத மூன்று விஷயங்கள் அந்த மேசையில் வெளியே வந்தன.

சளிக்கு வாங்கி, அப்புறம் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் என்று அக்கா விழுங்கிவந்த டைஃபென்ஹைட்ரமின் மாத்திரை ஒன்று. அது மயக்கத்தையும் தரும், மலச்சிக்கலையும் தரும். மலம் கட்டினால் மூளைக் குழப்பம் திரும்பி வரும். இரண்டாவது, மன அமைதிக்கு என்று யாரோ கொடுத்த அஸ்வகந்தா கேப்ஸ்யூல். மூலிகைதானே என்று நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது என் கை நடுங்கியது. மூன்றாவதுதான் பெரியது. அரிப்புக்குக் கொடுக்கிற கொலஸ்டிரமின் பொடியைக் கரைத்து, அதே தண்ணீரில் மற்ற மாத்திரைகளையும் அவள் விழுங்கிவந்திருக்கிறாள். அந்தப் பொடி குடலில் மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். நோய்க்கே கொடுத்த உர்ஸோடீஆக்ஸிகோலிக் அமில மாத்திரை இரண்டு வருடமாகப் பாதிதான் வேலை செய்ததோ என்னவோ. அக்கா ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து மருந்தாளுநர் விளக்கியது எனக்குப் புதிது. எஸ்ஜிபிடி எண் கல்லீரலில் எவ்வளவு காயம் நடக்கிறது என்று காட்டும். மருந்தைக் கல்லீரல் எவ்வளவு கரைத்து வெளியேற்றும் என்று காட்டாது. சிரோசிஸ் முற்றிய பிறகும் அந்த எண் சாதாரணமாக இருக்கலாம். அதற்குப் பார்க்க வேண்டியது பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர் இருக்கிறதா, மூளைக் குழப்பம் இருக்கிறதா என்ற ஐந்தும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை புள்ளி. கூட்டினால் சைல்ட்-பியூ மதிப்பெண். 5, 6 என்றால் ஏ வகுப்பு, 7 முதல் 9 வரை பி, 10 முதல் 15 வரை சி. அக்காவுக்குத் தெளிந்த பிறகு 6. குழம்பியிருந்த நாளில் கூட்டியிருந்தால் 7 வந்திருக்கும் என்றார். அதே ஆள், ஒரே வாரம், மருந்து விஷயத்தில் இரண்டு வகுப்பு.

விழுங்குகிற மாத்திரை முதலில் கல்லீரல் வழியாகத்தான் போகும். நல்ல கல்லீரல் ஒரு பங்கை அங்கேயே கரைத்துவிட்டு மீதியை ரத்தத்தில் விடும். சுருங்கிய கல்லீரலில் ரத்தமே சுற்றுவழியில் போய்விடுகிறது. அதனால் அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகச் சேரும், அதிக நாள் தங்கும். ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் பாதியாகும். சிரோசிஸில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும். அது மட்டுமில்லை, அக்கா உணவுக்குழாய் ரத்தக்குழாய் வீக்கத்துக்காக கார்வெடிலால் சாப்பிடுகிறாள். ஃப்ளூவாக்ஸெட்டினும் பராக்ஸெட்டினும் அதைக் கரைக்கும் நொதியைத் தடுத்து நாடித்துடிப்பைக் குறைத்துவிடக்கூடும். எனவே இரண்டும் வேண்டாம்.

டுலோக்ஸெட்டின் நாள்பட்ட கல்லீரல் நோய்க்கும் சிரோசிஸுக்கும் தவிர்க்க வேண்டியது என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறதாம். அச்சிட்ட வரியைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. அகோமெலட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைக் கல்லீரல் பாதிப்பு இருந்தால் கொடுக்கவே கூடாது. மிர்ட்டாஸபின் பற்றி நானே கேட்டேன், தூக்கமும் பசியும் வருமே என்று. அது சிலருக்கு நல்ல தேர்வுதான், ஆனால் சமீபத்தில் குழம்பி எழுந்தவருக்கு மயக்கம் தரும் மருந்து கொடுத்தால், தூங்குவது மருந்தாலா கல்லீரலாலா என்று வீட்டில் இருக்கிற உங்களுக்கே தெரியாமல் போகும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்தச் சேவையை நம்பினேன். ராத்திரி யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்கிறார்கள்.

மனநல மருத்துவர் ஒன்பது கேள்விகள் கேட்டார், மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 என்கிற படிவம். அக்காவுக்கு 17 வந்தது. சோர்வும் தூக்கக் கேடும் கல்லீரல் நோயாலும் வரும், அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன் என்று தைராய்டு பரிசோதனையும் எழுதினார். இந்த நோய் உள்ளவர்களுக்கு தைராய்டு குறைபாடு வருவது உண்டு. ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்பது. அக்கா தரையைப் பார்த்தபடி, "சாகணும்னு இல்ல. காலைல எழுந்திருக்கவே வேண்டாம்னு தோணும்" என்றாள். ஒரே அறையில் படுக்கிற எனக்கு அது தெரியாது. மருத்துவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு இருபது நிமிடம் தனியாகப் பேசினார். அப்படி எண்ணம் கூடினால் ராத்திரியிலும் யாரை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவர் கையிலும் கொடுத்தார்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது செர்ட்ராலின். லேசான கல்லீரல் பாதிப்பிலேயே அது ரத்தத்தில் மூன்று மடங்கு வரை சேரும், அதனால் வழக்கமான 50 மில்லிகிராமுக்குப் பதில் 25-ல் தொடங்கினார்கள். பி, சி வகுப்பு என்றால் இதே முடிவை எடுத்திருக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். எஸ்சிட்டலோப்ராம் 5-ல் தொடங்கி 10-ஐத் தாண்டாமல் கொடுப்பது இன்னொரு வழியாக இருந்தது. செர்ட்ராலினைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அரிப்பு. பித்த நோயால் வரும் அரிப்புக்கு அதைத் தனியாகவே கொடுப்பது உண்டு. இதைக் கேட்டதும் அக்கா அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆபத்துகளையும் மறைக்கவில்லை. இந்த வகை மருந்து ரத்தக்கசிவு வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். ஆகவே எண்டோஸ்கோபி அறிக்கையையும் பிளேட்லெட் எண்ணிக்கையையும் பார்த்த பிறகே எழுதினார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் கூடவே கூடாது. கறுப்பாக மலம் போனால் காத்திருக்காமல் வர வேண்டும். சோடியம் குறையலாம், இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. முதல் இரண்டு வாரம் பதற்றம் கூடலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பொடி காலை 8 மணிக்கு, செர்ட்ராலின் மதியம் 2 மணிக்கு, உர்ஸோ ராத்திரி. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்ட ஒரு தாள்.

சொன்னது போலவே முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. லாக்டுலோஸாலா செர்ட்ராலினாலா என்று புரியாமல் தொலைபேசியில் கேட்டேன். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போவதுதான் இலக்கு, அதைத் தாண்டினால் லாக்டுலோஸை எவ்வளவு குறைக்கலாம் என்று அளவு சொன்னார்கள். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி நான் திடுக்கிட்டு விழித்தேன். சத்தம் எதுவும் கேட்காததால்தான் விழிப்பு வந்தது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறாவது வாரம் மனச்சோர்வுப் படிவத்தின் அந்த 17 குறைந்து 9 ஆகியிருந்தது. அரிப்பு முழுதாகப் போகவில்லை, சில ராத்திரிகள் வருகிறது. தொலைபேசி அடித்தால் இப்போது அவளே எடுக்கிறாள்.

குறைகளும் உண்டு. முதல் சந்திப்புக்கு ஐந்து வாரம் காத்திருந்தோம். மனசு உடைந்தவருக்கு அது மிக நீளம். மாலை நாலு மணிக்கு மேல் மருந்து பற்றிக் கேட்க யாரும் எடுப்பதில்லை, வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தாளில் எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறது, நான் பெரிதாக எழுதி ஒட்டினேன். பேச்சு சிகிச்சை பற்றிக் கடைசி ஐந்து நிமிடம்தான் பேசினார்கள். கல்லீரல் கரைக்க வேண்டிய அவசியமே இல்லாத சிகிச்சை அது. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நாங்களே கேட்டு வாங்கி, இப்போது வாரம் ஒரு முறை அக்கா போகிறாள்.

செர்ட்ராலின் 25 என்பது அக்காவின் 6 என்ற மதிப்பெண்ணுக்கும், அவளுடைய அரிப்புக்கும், அவளுடைய எண்டோஸ்கோபிக்கும் பொருந்திய முடிவு. தயவுசெய்து பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். பையை எடுத்துக்கொண்டு போங்கள், மூலிகைக் கேப்ஸ்யூலையும் சேர்த்து. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள், எண்டோஸ்கோபி அறிக்கை, தூக்கம் எழுதின நோட்டு இருந்தால் அதுவும். எங்கள் மருந்தாளுநர் அந்த நோட்டின் கோணல் பக்கத்தைப் படம் எடுத்து அக்காவின் கோப்பில் வைத்துக்கொண்டார், ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் என்னிடம் முதலில் கேட்பது, "இன்னைக்குக் கையெழுத்து எப்படி இருக்கு?" என்றுதான்.