ரூட்டரைப் பிரிக்க ராஸ்பெர்ரி பை பிக்கோ போதுமா?

ஹார்டுவேர் செக்யூரிட்டி பழக வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "ஃபிளிப்பர் ஸீரோ வாங்கலாமா?" என்றுதான். வயர்லெஸ் சிக்னல்களோடு விளையாடும் கையடக்கக் கருவி அது. ரூட்டர், கேமரா என்று போர்டைப் பிரித்து மேய்வதுதான் உங்கள் ஆசை என்றால், முதலில் ஒரு பிக்கோ வாங்குங்கள். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இது. ஃபர்ம்வேரை (உள்ளே ஓடும் மென்பொருளை) மாற்றினால் கருவியே மாறிவிடும். பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டு யுஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் மாதிரித் திறக்கும். ஃபர்ம்வேரின் யுஎஃப்2 ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது.

நான் அதிகம் பயன்படுத்துவது டீபக்புரோப் ஃபர்ம்வேர். பிக்கோவை அது யுஎஸ்பி-சீரியல் அடாப்டராக்கிவிடும். ரூட்டர் போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்), ஆர்எக்ஸ் (பெறும் பின்), கிரவுண்டு மூன்றையும் இணைத்தால் போதும், மின்சாரப் பின்னான விசிசி பக்கமே போகவேண்டாம். பாட் ரேட் (சீரியல் வேகம்) பெரும்பாலும் 115200. ரூட்டரை ஆன் செய்ததும் யு-பூட் (ரூட்டரைத் துவக்கும் புரோகிராம்) வரிகள் கடகடவென்று ஓடும். (சொந்த ரூட்டர், அல்லது உரிமையாளர் எழுதிக் கொடுத்த ரூட்டர். அதில் சமரசம் வேண்டாம்.)

அடுத்தது ஃபிளாஷ் சிப்பைப் படிப்பது. இதற்கு எல்லோரும் கைகாட்டுவது கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர். சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்துவிட்டு டேட்டா பின்களில் 5 வோல்ட்டைத் தள்ளும் புண்ணியவான் அது. பிக்கோவில் எல்லாமே 3.3 வோல்ட். சீரியல்புரோக் ஃபர்ம்வேர் ஏற்றி, லினக்ஸில் ஃபிளாஷ்ராம் புரோகிராமை ஓட்டினால் டம்ப் (சிப்பில் இருப்பதன் முழு நகல்) கைக்கு வந்துவிடும். 1.8 வோல்ட் சிப் என்றால் வோல்டேஜை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் தேவை. கிளிப் மாட்டிப் படிக்கும்போது ரூட்டரின் ப்ராசஸரும் விழித்துக்கொண்டு குறுக்கே பேசும். இரண்டு முறை படித்து ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்றால் சிப்பைக் கழற்றிவிடுவதே உத்தமம்.

இவ்வளவு மலிவான போர்டால் இது எப்படி முடிகிறது? பிஐஓ என்ற பகுதிதான் காரணம். பிக்கோவின் ஆர்பி2040 சிப்புக்குள் 8 குட்டி ஸ்டேட் மெஷின்கள் இருக்கின்றன. ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல், கிளாக் பிசகாமல் பின்களை அவையே கவனித்துக்கொள்ளும். 2024 பிப்ரவரியில் ஸ்டாக்ஸ்மேஷிங் என்பவர் ஒரு லெனோவோ லேப்டாப்பிலிருந்து பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் மறையாக்கம்) சாவியை 43 விநாடியில் எடுத்துக் காட்டியது பிக்கோவை வைத்துத்தான். சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் தனி டிபிஎம் சிப்புக்கும் சிபியுவுக்கும் நடுவே சாவி மறையாக்கம் இல்லாமல் போவதால் ஒட்டுக்கேட்க முடிந்தது.

குறைகளும் உண்டு. பின் பெயர்களைப் போர்டின் அடிப்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பிரெட்போர்டில் குத்திவிட்டால் எது எது என்று தெரியாது. ரீசெட் பட்டன் கிடையாது, ஒவ்வொரு ஃபர்ம்வேருக்கும் கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டும். சிக்னல்களைப் பதிவுசெய்யும் லாஜிக் அனலைசராக்கினால் 264 கிலோபைட் மெமரி சட்டென்று நிரம்பிவிடும். பழைய 5 வோல்ட் போர்டுகளில் நேராக மாட்டினால் பிக்கோ போய்விடும். வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூவை வைத்து வைஃபை பாக்கெட் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கு இஎஸ்பி32 போர்டு வாங்குங்கள், அடுத்தவர் பாக்கெட்டையும் கேட்கும் புராமிஸ்குவஸ் மோடு அதில் இருக்கிறது.

2024 ஆகஸ்டில் வந்த பிக்கோ 2? அதன் ஆர்பி2350 சிப்பின் ஏ2 பதிப்பில் இ9 என்றொரு பிழை: உள் புல்டவுன் (பின்னைக் கீழே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) போட்ட இன்புட் பின் ஒருமுறை மேலே போனால், கீழே இறங்காமல் 2 வோல்ட் வாக்கில் நின்றுவிடும். சிக்னலை வேவுபார்க்கும் நமக்கு இது பெரிய தலைவலி. ஏ4 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். எந்தப் பதிப்பு என்று கடைக்காரரால் சொல்ல முடியவில்லையா, பழைய பிக்கோவையே வாங்கிவிடுங்கள்.