சவுக்குச் சாரமா, கப்லாக் சாரமா?

தரைத்தளத்தின் மேல் இரண்டு மாடி, மொத்தம் 10 மீட்டர் உயரம், இரு பக்கமும் நெருக்கமாக அண்டை வீடுகள், முன்னால் தெரு, தெருவோரம் மின்கம்பி என்று அமைந்த ஒரு வீட்டின் வெளிப்பூச்சுக்குச் சாரம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி எழுப்பலாம். அல்லது வாடகைக் கடையிலிருந்து கப்லாக் குழாய்களை, அதாவது கிண்ணம் போன்ற பூட்டுகளால் ஒன்றோடொன்று இணையும் இரும்புக் குழாய்களை, இறக்கிப் பூட்டலாம். இந்த முடிவு பெரும்பாலும் வாடகைக் கணக்கோடு நின்றுவிடுகிறது. மேலே நிற்கப்போகிற கொத்தனார், சித்தாளின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது.

சவுக்கைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், சன்ஷேடு, பால்கனி போன்ற பிதுக்கங்களைச் சுற்றிக் கொண்டுபோகலாம், குழாய்ச் சட்டம் நுழையாத குறுகிய சந்திலும் கட்டலாம். கைதேர்ந்தவர் கட்டிய சவுக்குச் சாரம் உறுதியாகவே நிற்கும். ஆனால் அந்த உறுதி இன்னமும் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே அதன் பெருங்குறை. பச்சைக் கம்பில் இறுக்கிக் கட்டிய முடிச்சு, கம்பு காயக் காயப் பருமன் குறைவதால் தானாகவே நெகிழ்கிறது. பட்டை உரிந்தால் கட்டு வழுக்குகிறது. தேங்காய் நார்க்கயிறு மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் தளர்ந்துபோகிறது. கீழேயிருந்து பார்ப்பவருக்கு முதல் நாள் முடிச்சும் இருபதாம் நாள் முடிச்சும் ஒன்றுபோலவே தெரியும். கட்டியவர் அடுத்த வேலைக்குப் போய்விட்ட பிறகு அதை யார் சோதிப்பது?

கப்லாக்கின் மேன்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. 48.3 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள நெட்டுக்குழாயில் அரை மீட்டருக்கு ஒன்றாகக் கீழ்க்கிண்ணம் பற்றவைக்கப்பட்டிருக்கும். கிடைக்குழாயின் நாக்கு அதில் அமர்ந்ததும் மேல்கிண்ணத்தை இறக்கிச் சுத்தியலால் தட்டித் திருப்பினால் இறுகிக்கொள்ளும். தட்டாமல் விட்ட கிண்ணம் கையால் திருப்பினாலே சுழலும் என்பதால், ஏறுகிற எவரும் போகிற வழியிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் இரும்புதானே என்ற துணிச்சல் தனி ஆபத்து. புதிதாக நிரப்பிய மண்ணில், அடித்தகடு இல்லாமல், உடைந்த செங்கல்லின் மேல் நெட்டுக்குழாயை நிறுத்தியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். வாடகை மிச்சம் என்று, சாய்வாகக் குறுக்கே பூட்டும் மூலைவிட்டக் குழாய்களை விட்டுவிட்டால், தீப்பெட்டியின் மேலுறையை விரலால் அழுத்தினால் சாய்வதுபோலச் சாரம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய இடமுண்டு. சுவரோடு பிணைப்பதும் அப்படியே. ஒற்றை வரிசைச் சவுக்குச் சாரத்தில் குறுக்குக்கம்பின் ஒரு முனை சுவர் ஓட்டையில் அமர்வதால் ஓரளவு பிடிப்பு கிடைக்கிறது. கப்லாக் தன் கால்களிலேயே நிற்பதால், பிணைக்காவிட்டால் கட்டடத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. அடி அகலத்தின் நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்த சாரம் சாயாதபடி பிணைக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி, 1.2 மீட்டர் அகலச் சாரத்துக்கு அந்த எல்லை 4.8 மீட்டர், அதாவது நம் வீட்டின் பாதி உயரம்கூட இல்லை.

மிதிபலகையில் இரண்டுக்கும் வேறுபாடில்லை, இரண்டிலும் கஞ்சத்தனம்தான். தாங்கிக்கு வெளியே அதிகம் நீண்ட பலகை நுனியை மிதித்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும்.

பாதுகாப்பு பெல்ட் விஷயத்தில் வேறுபாடு கூர்மையானது. விழும் ஆளின் இழுவையைக் கயிற்றால் கட்டிய கம்பு தாங்கும் என்று நம்ப முடியாது. எனவே சவுக்குச் சாரத்தில் வேலை செய்பவருக்குக் கட்டடத்தின் தூணிலிருந்து, பெல்ட்டை மாட்டத் தனி உயிர்க்கயிறு இறக்க வேண்டும். கப்லாக்கிலும் கண்ட இடத்தில் கொக்கி மாட்டுவது சரியல்ல. முறையாகப் பிணைத்த சாரத்தில், தயாரிப்பாளர் அனுமதித்த இடத்தில், தலைக்கு மேலே மாட்டுவதே முறை. அதிர்வு தாங்கியுள்ள 1.8 மீட்டர் கயிற்றைக் காலடியில் மாட்டினால், ஆள் தரை தொடாமல் நிற்கக் கீழே ஏறத்தாழ 6 மீட்டர் வெற்றிடம் தேவை. முதல் மாடி உயரத்தில் அந்த பெல்ட் பெயருக்குத்தான்; அங்கே காப்பது ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிக் குழாயும் இடைக் குழாயுமே, அவற்றைப் பூட்டக் கப்லாக்கில் கிண்ணங்கள் தயாராக இருக்கின்றன.

சவுக்கு முந்துவது மின்கம்பி அருகில். 11 கிலோவோல்ட் வரையிலான கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற இடைவெளியைச் சாரமே விழுங்கிவிடுகிறது. 3 மீட்டர் இரும்புக் குழாயை நிமிர்த்தும்போது அது கம்பியைத் தொட ஒரு நொடி போதும். இருந்தாலும் நனைந்த சவுக்கும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே தெருப்பக்கத்தில் எதைக் கட்டினாலும் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கச் செய்வதே வழி.

ஒரு தளத்துக்கு மேற்பட்ட வேலைக்கு நான் கப்லாக்கையே சொல்வேன், மூலைவிட்டக் குழாயும் அடித்தகடும் வாடகைச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால் மட்டும். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, 2 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள சாரத்தை ஏழு நாளுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். இங்கே மழைக்கு மறுநாளும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்துச் சந்தில் சவுக்கைத் தவிர வழியில்லை என்றால், கட்டியவரையே வாரத்துக்கு ஒரு முறை கூலி கொடுத்து வரவழைத்து, ஒவ்வொரு முடிச்சையும் மறுபடி இறுக்கச் சொல்லிவிட்டு ஆள் ஏற்றுங்கள்.