"1851 சிங்கர்" என்று சொன்னால் முதலில் எண்ணைக் கேளுங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பழைய சிங்கர் தையல் மிஷின் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். "1851ல செஞ்சதுண்ணே, நூத்தியெழுபது வருஷப் பழசு" என்று சொல்லி ஒரு பழைய சாமான் வியாபாரி 32,000 ரூபாய்க்கு ஒரு கால் மிஷினை எங்களிடம் தள்ளிவிட்டார். மிஷினில் வெட்டியிருக்கும் சீரியல் எண் தெரிகிற மாதிரி போட்டோ கேட்டதற்கு, "பெயின்ட் மறைச்சிருக்கு, வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். பேரம் அங்கேயே முறிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் 10,000 முன்பணம் போய்விட்டது. மீதியைக் கட்டிய பிறகுதான் பார்சல் கையில் கிடைத்தது.

அவர் காட்டிய ஒரே ஆதாரம், மிஷினின் தூணில் (வலது பக்கம் செங்குத்தாக நிற்கும் பகுதி) இருக்கும் நீள்வட்டப் பித்தளை வில்லை. அதில் 1851 என்று தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு வருடம் இருந்த இடத்தை அரம் வைத்து ராவியிருக்கிறார்கள். சாய்த்துப் பிடித்தால் கடைசி 51 மட்டும் நிழலாகத் தெரிகிறது. கம்பெனி தன் நூறாவது ஆண்டுக்காக 1851–1951 என்று பொறித்துப் போட்ட நூற்றாண்டு வில்லை அது. ஐசக் சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய வருடம்தான் 1851. மிஷின் பிறந்த வருடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய வில்லையானால் ஆணி அடித்துப் பொருத்தியிருக்கும். திருகாணி தெரிந்தாலோ, சுற்றிலும் பெயின்ட் உடைந்திருந்தாலோ, கழற்றி மாட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருடத்தைச் சொல்வது எண்தான். தூணின் அடியில், பெட்டின் (அடித்தட்டின்) வலது ஓரத்தில் சற்று மேடான பட்டையில் வெட்டியிருக்கும். எங்களுக்கு வந்ததில் அதன்மேல் இரண்டு கோட்டிங் கறுப்பு எனாமல். மிஷின் ஆயிலில் நனைத்த துணியை ராத்திரி முழுக்க அதன்மேல் போட்டு வைத்து, மறுநாள் மூங்கில் சீவலால் மெதுவாகச் சுரண்டி எடுத்தோம். தின்னர், ஸ்பிரிட் எதுவும் கிட்டே வரக்கூடாது. தங்கப் பூவேலையின் மேல் இருப்பது அரக்கு வார்னிஷ்; ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து பூவேலை வெள்ளி நிறமாகிவிடும். அப்புறம் ஒரு சிட்டிகை திருநீற்றை எண் மேல் தேய்த்து, விரலால் வழித்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்தோம். பள்ளத்தில் நின்ற திருநீற்றில் 'இஜி' (EG) என்ற எழுத்தும் ஆறு இலக்கமும் வெள்ளையாக எழுந்து வந்தன.

எழுத்தே இல்லாத வெறும் எண் என்றால் 1900க்கு முந்தியது. 1900 முதல் ஓர் எழுத்து முன்னால் வரும். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 'ஒய்' வரிசை 1920களிலும் 30களின் முதல் பாதியிலும் ஓடியது. 1935லிருந்து 'இஏ', 'இபி' என்று இரட்டை எழுத்து. 'இஜி' 1950ஐ ஒட்டிய வரிசை, நூற்றாண்டு வில்லையோடு சரியாகப் பொருந்துகிறது. 'சி' என்று ஆரம்பித்தால் ஜெர்மனியின் விட்டன்பெர்கே ஆலை. சிங்கர் எண் பட்டியலில் இருக்கும் தேதி, அந்த எண்களை ஆலைக்கு ஒதுக்கிய தேதி. மிஷின் அதற்குப் பல மாதம் கழித்தும் வெளிவந்திருக்கலாம். அதனால் நாள், கிழமையோடு யாராவது வயது சொன்னால் நம்ப வேண்டாம்.

எண்ணே இல்லாமல் 1851 என்ற பேச்சை முறிக்கவும் ஒரு வழி உண்டு. எங்களுடையது 15கே மாடல். அந்த 'கே' கிளைட்பேங்கைக் குறிக்கிறது. அந்தப் பெரிய ஆலை திறந்ததே 1880களில்தான். 1851ல் அங்கே எப்படி மிஷின் வரும்? பாபினையும் (அடிநூல் சுற்றும் உருளை) பாருங்கள். பழைய 27, 28 மாடல்களில் துப்பாக்கிக் குண்டு மாதிரி நீண்ட ஷட்டில் (அடிநூலைக் கொண்டுபோகும் பாகம்), உள்ளே குச்சி போல நீளமான பாபின். 15ல் வட்டப் பாபின். இந்த 15 அமைப்பை இந்தியாவிலும் ஜப்பானிலும் பல கம்பெனிகள் அப்படியே நகல் எடுத்தன, பாகங்களும் மாறி மாறிப் பொருந்தும். வேறு கம்பெனித் தலைக்கு (மிஷினின் மேல்பகுதி) சிங்கர் ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் நடக்கிறது. எண்ணைக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களுக்கு வயிறு எரிவது வயதுப் பொய்யைவிட இதற்காகத்தான்: இது தண்ணீரில் கிடந்த தலை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நாகை, வேதாரண்யம் பக்கம் நனைந்த மிஷின்கள் எத்தனையோ. உப்புத் தண்ணீர் பட்ட தலைக்கு மேலே புதுப் பெயின்ட் அடித்தாலும் உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும். பாபின் கேஸைக் கழற்றி, ஷட்டில் ஓடும் வளையத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினால் நூலும் சிக்கும், தையல் விட்டுவிட்டு விழும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒரே சீராக ஓட வேண்டும். ஊசித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் புஷ் (தண்டைப் பிடித்திருக்கும் குழாய்) தேய்ந்துவிட்டது.

இன்னொன்று. "ஊசிக்குள்ள சிவப்புப் பாதரசம் இருக்கு, வெளிநாட்டுல லட்சக்கணக்குல வாங்குறாங்க" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2009ல் சவுதியில் கிளம்பிய புரளி அது. அந்த ஊசி வெறும் இரும்புதான்.

போட்டோவில் எண், வில்லை, பாபின் கேஸைக் கழற்றிய கோலம், பெட்டைத் தூக்கி அடிப்பக்கம், இந்த நான்கும் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. ஷட்டில் வளையத்தையும் ஊசித் தண்டு புஷ்ஷையும் மாற்றி மிஷினை ஓட்டிவிடலாம். வில்லையை மட்டும் கழற்றாமல் அப்படியே விட்டிருக்கிறோம். நேரில் வருபவர்கள் அந்த அரம் போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போகலாம்.