ஓடும் லினக்ஸ் கணினியிலிருந்து டிஸ்கைக் கழற்றுதல்: எட்டு ஆண்டு அனுபவம்

சனிக்கிழமை மாலைதோறும் எங்கள் ஸ்டுடியோவிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க் வெளியே போகும், இன்னொன்று உள்ளே வரும். வெளியே போவது ஒரு வாரம் என் வீட்டு பீரோவில் இருக்கும். யாருடைய கல்யாணத்தையும் இரண்டாம் முறை படம் எடுக்க முடியாது. அதனால் எல்லாக் காணொளிக்கும் கூடுதலாக ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை மாலையில் கணினி சும்மா இருப்பதில்லை. நான்கைந்து மணி நேரம் எடுக்கும் ரெண்டரிங், அதாவது தொகுத்த காட்சிகளை இறுதிக் காணொளியாக மாற்றும் வேலை, பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். கணினியை நிறுத்தாமலே டிஸ்கைக் கழற்றியாக வேண்டும். 2017 முதல் லினக்ஸ் இயங்குதளத்தில் இதைச் செய்துவருகிறேன்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் தன்னிடம் இணைந்துள்ள ஒவ்வொரு சாதனத்தையும் ‘சிஸ்’ என்ற கோப்புறைக்குள் ஒரு சிறு கோப்புறையாகக் காட்டுகிறது. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பின் கொடை இது. சாட்டா (கணினிக்குள் டிஸ்க் இணைக்கும் வழக்கமான இணைப்பு) டிஸ்கின் கோப்புறைக்குள் ‘டிலீட்’ என்றொரு கோப்பு இருக்கும். எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக அதில் 1 என்று எழுதினால் வேலை தொடங்கிவிடும். டிஸ்க் தன் இடைநினைவகத்தில் வைத்திருப்பதையெல்லாம் உள்ளே சுழலும் காந்தத் தட்டில் எழுதச் சொல்லிக் கெர்னல் கட்டளை அனுப்புகிறது. அடுத்து, சுழற்சியை நிறுத்தச் சொல்கிறது. பிறகு அந்தச் சாதனத்தையே தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம்: அழிவது கெர்னலிடம் உள்ள பதிவு மட்டுமே, டிஸ்கில் உள்ள தரவு அப்படியே இருக்கும். சுழற்சி மெல்லத் தணிந்து ஓயும் ஒலி காதுக்குக் கேட்கும். அந்த ஒலி அடங்கும் வரை, டிஸ்கைத் தாங்கும் இழுப்புத் தட்டில் நான் கை வைப்பதில்லை.

முதல் ஆண்டிலேயே ஒரு பாடம் கிடைத்தது. நகலெடுப்பு முடிந்தது என்று திரையில் வந்ததும், மவுண்டை (டிஸ்கைக் கோப்புறையாகத் திறந்து காட்டும் இணைப்பை) நீக்காமலே அந்த ‘டிலீட்’ கோப்பில் 1 எழுதிவிட்டேன். கெர்னல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டிஸ்க் நின்றது. கோப்புறையைத் திறந்து பார்த்தால் பெயர்கள் எல்லாம் அழகாகத் தெரிந்தன, ஏனென்றால் அவை நினைவகத்திலிருந்து வந்தவை. ஒரு காணொளியைத் திறந்தபோது உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. டிஸ்கைத் திரும்பச் செருகியபோது பழைய சாதனப் பெயரில் வராமல், கடைசி எழுத்து மாறிப் புதிய பெயரோடு வந்தது. பழைய பெயரை அந்த அறுந்த மவுண்ட் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. சரிபார்ப்பு நிரலை ஓட்டியதும் கோப்பமைப்பு மீண்டது. ஆனால் கடைசியாக நகலெடுத்த முகூர்த்தக் காணொளி அதில் அரைகுறையாகவே இருந்தது. மூலம் கேமரா அட்டையில் அழியாமல் இருந்ததால் பிழைத்தேன்.

நடந்தது இதுதான். நகலெடுப்பு முடிந்ததாகச் சொல்வது நினைவகத்தை நம்பித்தான். இயல்பான அமைப்பில், எழுதப்படாத தரவு சுமார் 30 வினாடி வரை நினைவகத்திலேயே காத்திருக்கலாம். மவுண்டை நீக்கும்போதுதான் அது முழுமையாக டிஸ்குக்கு இறங்குகிறது. ஆகவே அவிழ்ப்பது எப்போதும் மேலிருந்து கீழே: முதலில் கோப்புகளைப் பிடித்திருக்கும் நிரல்கள், அடுத்து மவுண்ட், அதன் கீழே பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் ரெய்டோ எல்விஎம்மோ இருந்தால் அது, கடைசியில்தான் டிஸ்க்.

முதல் படியில்தான் அதிக நேரம் போகும். மவுண்டை நீக்கச் சொன்னால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுப்பு வரும், யார் பயன்படுத்துகிறார்கள் என்று வராது. எட்டு ஆண்டுகளாக எனக்கு உறுத்தும் குறை இது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் நிரலைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் கணினியில் குற்றவாளி பெரும்பாலும் படங்களுக்குச் சிறு முன்னோட்டம் தயாரிக்கும் பின்னணிச் சேவைதான். சில நாள் அந்தக் கோப்புறைக்குள் நின்றபடி யாரோ திறந்து வைத்துவிட்டுப் போன முனையச் சாளரமாக இருக்கும். இந்த இடத்தில் பொறுமை இழந்து ‘சோம்பல்’ வகை மவுண்ட் நீக்கத்தைத் தயவுசெய்து கையாளாதீர்கள். அது பெயரளவில் மவுண்டை மறைத்துவிடும். திறந்திருக்கும் கோப்புகள் உள்ளே உயிரோடு இருக்கும். எல்லாம் சுத்தம் என்று நம்பி டிஸ்கை எடுத்தால், எனக்கு முதல் ஆண்டில் நேர்ந்ததே நேரும்.

அப்படியானால் பயன்பாட்டில் உள்ள டிஸ்கைக் கழற்றக் கெர்னலே மறுக்கலாமே என்று நானும் அப்போது கோபப்பட்டேன். 2021இல் ஒரு டிஸ்க் சாகத் தொடங்கியபோது எண்ணம் மாறியது. ஒவ்வொரு வாசிப்பும் 30 வினாடி காத்துத் தோற்று, மறுபடி முயன்றது. அந்த டிஸ்கைத் தொட்ட நிரல்கள் எல்லாம் உறைந்தன, மவுண்டையும் நீக்க முடியவில்லை. அப்போது அந்த ‘டிலீட்’ கோப்புதான் கைகொடுத்தது. 1 எழுதியதும் காத்திருந்தவை எல்லாம் பிழையோடு விடுபட்டன, வேறு டிஸ்கில் ஓடிய ரெண்டரிங் தப்பியது. அன்றைக்குக் கெர்னல் மறுத்திருந்தால் மின்சாரத்தைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. ரூட் சொன்னால் கெர்னல் செய்ய வேண்டும். கேள்வி கேட்க வேண்டியது அதற்கு மேலே உள்ள நிரல். இந்தக் கருத்தில் இப்போது உறுதியாக இருக்கிறேன்.

அந்த மேல்நிரலை எங்களுக்காக நானே எழுதினேன். யூஎஸ்பி டிஸ்குக்கு அது தேவையில்லை. கோப்பு மேலாளரின் வெளியேற்றப் பொத்தானே ரூட் உரிமை கேட்காமல் மவுண்டை நீக்கி, மின்சாரத்தையும் நிறுத்திவிடுகிறது. தட்டில் செருகும் சாட்டா டிஸ்குக்கு எங்கள் கணினியில் அந்தப் பொத்தான் மவுண்டை நீக்குவதோடு நின்றுவிடுகிறது, சுழற்சி ஓய்வதில்லை. என் நிரல் டிஸ்கின் வரிசை எண்ணை மட்டுமே ஏற்கும். சாதனத்தின் எழுத்துப் பெயர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறக்கூடியது, அதை நம்பக் கூடாது. ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். இயங்குதளம் இருக்கும் டிஸ்கைக் கேட்டால் நிரல் மறுத்துவிடும், மவுண்ட் மிச்சமிருந்தாலும் மறுத்துவிடும். எங்கள் உதவியாளருக்கு ரூட் கடவுச்சொல் தரவில்லை. அந்த ஒரு நிரலை மட்டும் ரூட்டாக ஓட்ட அனுமதி தந்திருக்கிறேன். முதல் சில வாரம் “இழுக்கலாமா அண்ணா?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைத் தொடுவார். இப்போது அவரே காதை வைத்துக் கேட்டுவிட்டு இழுக்கிறார்.

டிஸ்கைவிட எனக்கு அதிக வியப்புத் தந்தது பிசிஐ சாதனங்களை, அதாவது தாய்ப்பலகையோடு நேரடியாக இணையும் அட்டைகளையும் கட்டுப்படுத்திகளையும், கழற்றுவது. 2009இல் வந்த 2.6.30 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் ‘ரிமூவ்’ என்ற கோப்பும், எல்லாவற்றையும் மறுபடி தேட ‘ரீஸ்கேன்’ என்ற கோப்பும் உண்டு. பழுதான ஒரு கேமரா அட்டையைச் செருகிய பிறகு யூஎஸ்பி கட்டுப்படுத்தியே பதிலளிக்காமல் போனது. அது செத்துவிட்டதாகக் கருதுவதாகக் கெர்னல் பதிவில் எழுதியது. அந்தக் கட்டுப்படுத்தியை நீக்கி, மறுபடி தேடச் சொன்னதும் அட்டைப் படிப்பான் உயிர்பெற்றது. கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: விசைப்பலகையும் பெரும்பாலும் அதே கட்டுப்படுத்தியில்தான் இருக்கும். நீக்கிவிட்டால் அடுத்த கட்டளையைத் தட்டச்சு செய்ய வழி இருக்காது. நீக்கம், இரண்டு வினாடி இடைவெளி, மறுதேடல் மூன்றையும் ஒரே வரியில் எழுதி, அதன் பிறகு என்டரை அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கிராஃபிக்ஸ் அட்டையில் இதை முயலவே வேண்டாம். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் விடாமல் பிடித்துக்கொண்டால் எழுதிய கட்டளையே உறைந்து நிற்கும்.

கெர்னல் விட்டுவிட்டது என்பதாலேயே கையால் இழுத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சாட்டா இணைப்பில் தரைமுனைகள் (கிரவுண்ட் முனைகள்) சற்று நீளமாக இருப்பதால் அவை முதலில் தொட்டு, கடைசியில் விடும். ஓடும்போது கழற்றுவதை எண்ணியே அது வடிவமைக்கப்பட்டது. ஆனாலும் கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரலான பயாஸில், அந்தத் துறைக்கு (போர்ட்) ஹாட் பிளக், அதாவது ஓடும்போதே செருகிக் கழற்றும் அனுமதி தந்திருக்க வேண்டும். தாய்ப்பலகையிலேயே சிறு டிஸ்க் செருகும் எம்.2 துறை அப்படிப்பட்டதல்ல. அதில் செருகும் வேகமான என்விஎம்இ டிஸ்கைக் கெர்னலிலிருந்து நீக்கினாலும் துறையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எங்கள் கணினியில் அந்த ஒன்றை மட்டும், ரெண்டரிங் முடியும் வரை காத்திருந்து, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கழற்றுகிறேன்.