‘ஈயம் இல்லை’ என்று சொல்லி விற்ற கண் மையில் பாதிக்கு மேல் காரீயம்

என் மகளுக்குப் பதினோரு மாதம் நிறைந்திருந்தபோது, அவளுடைய இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 23 மைக்ரோகிராம் காரீயம் இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தது. அந்தக் காரீயம் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்தோ குடிநீரிலிருந்தோ வரவில்லை. தினமும் காலையில் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு முடித்ததும், செப்பிலிருந்து குச்சியால் தொட்டு அவள் கண்ணோரத்தில் நான் இட்ட மையிலிருந்து வந்தது. அதே மையை வாங்கியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்தான், எழுதக் கூசினாலும் இதை முழுமையாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் கோடை விடுமுறையில் நடந்த ஒரு பொருட்காட்சியில் அதை வாங்கினேன். வளையல், சாம்பிராணி, மூலிகை எண்ணெய் எல்லாம் விற்ற ஒரு கடையில், உள்ளங்கையில் அடங்கும் பித்தளைச் செப்பில் பொடியாக இருந்தது. விலை 350 ரூபாய். கடைக்காரர் அதை அஞ்சனம் என்றார். “இது கரி இல்லைம்மா, மலைக்கல்லை மூலிகைச் சாறு விட்டு நாற்பது நாள் அரைத்தது, கண்ணுக்குக் குளிர்ச்சி, பிறந்த குழந்தைக்கும் போடலாம்” என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் உடனே வாங்கிவிடவில்லை. கண் மையில் ஈயம் கலந்திருக்கும் என்று எங்கோ படித்த நினைவில் அதைக் கேட்டேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து லேமினேட் செய்த ஆய்வக அறிக்கை ஒன்றை எடுத்துக் காட்டி, ‘ஈயம்: கண்டறியப்படவில்லை’ என்ற வரியில் விரலை வைத்தார். என் தங்கையும் வாங்குவாள் என்று எண்ணி, அந்த அறிக்கையைக் கைபேசியில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அந்தப் படம் பின்னால் எவ்வளவு பயன்படும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதுவரை என் மாமியார்தான் வீட்டில் மை கூட்டுவார். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து, நிழலில் உலர்த்தி, திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த தட்டில் படியும் புகைக்கரியை வழித்து, விளக்கெண்ணெயில் குழைத்து வைப்பார். அது கையில் ஒட்டுகிறது, கன்னமெல்லாம் பரவுகிறது என்று சொல்லி, கடையில் வாங்கியதற்கு மாறியவள் நான். புதிய மை பரவவில்லை, பளபளவென்று அழகாக நின்றது, கண்ணில் பட்டதும் சில்லென்றும் இருந்தது. அந்தக் குளிர்ச்சி பச்சைக் கற்பூரத்தால் வந்தது என்பதை மணத்திலேயே உணர்ந்திருக்க வேண்டும். கற்பூரம் கைக்குழந்தைக்கு ஆகாத பொருள். உள்ளே போனால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகக்கூடியது.

இரண்டு மாதங்களில் குழந்தைக்குப் பசி குறைந்தது. மலம் கட்டியாக இறுகியது. காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். பல் முளைக்கும் காலம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தபோது இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தொடங்கினோம். இரண்டு மாதம் ஒருவேளை தவறாமல் கொடுத்தும் அது 8.9ஐத் தாண்டவில்லை. அப்போதுதான் குழந்தைகள் நல மருத்துவர், வீட்டில் பழைய பெயின்ட் உதிர்கிறதா, நாட்டு மருந்து ஏதேனும் கொடுக்கிறோமா, மஞ்சள்தூளைப் பாக்கெட்டில் இல்லாமல் சில்லறையாக வாங்குகிறோமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், பேச்சை நிறுத்திவிட்டுக் குழந்தையின் கண்ணைப் பார்த்தார். ஈரப் பஞ்சால் கண்ணோரத்தை ஒருமுறை ஒற்றியெடுத்து, டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பஞ்சில் ஒட்டியிருந்தது கறுப்பு அல்ல; பென்சில் சீவிய தூளைப் போன்ற சாம்பல் நிறம், அதற்குள் ஊசிமுனை அளவில் உலோக மினுக்கம். அன்றே இரத்தம் எடுக்கச் சொன்னார்.

அந்த 23 என்ற எண்ணின் பொருளை அவர் நிதானமாக விளக்கினார். இரத்தத்தில் இவ்வளவு வரை காரீயம் இருந்தால் கெடுதல் இல்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்தவேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அமெரிக்காவில் அதே ஆண்டில் குழந்தைகளுக்கான ஒப்பீட்டு அளவை, அதாவது அதற்கு மேல் போனால் கவனிக்கவேண்டும் என்ற அளவை, 3.5ஆகக் குறைத்தார்கள். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்கிறது. இரும்புச்சத்து குறைந்த உடல் இன்னும் கூடுதலாக ஈர்க்கிறது. உள்ளே போன காரீயம் இரத்தச் சிவப்பணுவில் ஹீமோகுளோபின் உருவாவதைத் தடுக்கிறது, சுண்ணாம்புச்சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பில் பல ஆண்டுகள் தங்குகிறது, எல்லாவற்றையும்விட வளரும் மூளையைப் பாதிக்கிறது. மையாக இட்டது வயிற்றுக்குள் எப்படிப் போகும் என்று நான் கேட்டேன். கண்ணீரோடு கரைந்து, கண்ணின் மூலையிலுள்ள சிறு துளை வழியாக மூக்குக்கும், அங்கிருந்து தொண்டைக்கும் போகிறது. அதைவிட அதிகமாக, கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும்போது நேரே உள்ளே போகிறது என்றார். என் மகள் நாளெல்லாம் விரல் சூப்பும் குழந்தை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. “காலங்காலமாக ஈயச் சொம்பில்தானே ரசம் வைத்துச் சாப்பிட்டோம், அதில் வராத கேடு இதில் எப்படி வரும்?” என்று கேட்டார். இந்தக் குழப்பம் நம்மில் பலருக்கு உண்டு. ரசச் சொம்பு செய்வது வெள்ளீயத்தில். நான் எழுதிக்கொண்டிருப்பது காரீயம். பெயர் ஒட்டியிருந்தாலும் இரண்டும் வேறு வேறு உலோகங்கள். இதே போன்ற பெயர்க் குழப்பம் அஞ்சனத்திலும் இருக்கிறது. அஞ்சனக்கல் என்று நம் வைத்திய மரபு குறிப்பது ஆன்டிமனி என்ற உலோகத்தின் கந்தகக் கூட்டுப்பொருளை. ஆனால் சுர்மா என்றும் அஞ்சனம் என்றும் சந்தையில் பொடியாக விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது கலீனா எனப்படும் காரீய சல்ஃபைடு. இரண்டும் சாம்பல் கலந்த கறுப்பாக மினுங்குவதால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. அமெரிக்காவில் ‘கோல்’ (kohl) எனப்படும் கண் மை, சுர்மா ஆகியவற்றை அழகுசாதனத்தில் சேர்க்க அனுமதியே இல்லை.

மிச்சமிருந்த பொடியில் இரண்டு கிராமை ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தேன். எடையில் 58 விழுக்காடு காரீயம் என்று வந்தது. நம் நாட்டில் நிறத்துக்காகக் காரீயக் கூட்டுப்பொருள்களை அழகுசாதனத்தில் சேர்ப்பதற்கே தடை இருக்கிறது. பயன்படுத்தும் நிறமிகளில் தவறிக் கலந்திருக்கக்கூடிய காரீயத்துக்கு உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 20 பங்கு. என் கையிலிருந்த பொடியில் இருந்தது பத்து லட்சத்தில் 5,80,000 பங்கு, அதாவது அந்த வரம்பைப் போல 29,000 மடங்கு. அதற்குப் பிறகுதான் தங்கைக்கு அனுப்பிய படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறிக்கையின் மேற்பகுதியில், சோதிக்கப்பட்ட மாதிரியின் பெயர் என்ற இடத்தில், ‘மூலிகைக் கூந்தல் எண்ணெய்’ என்று தெளிவாக அச்சாகியிருந்தது. தேதி மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. அவர் விரல் வைத்த வரியை மட்டுமே நான் படித்திருக்கிறேன்.

கடைக்காரர் கொடுத்திருந்த அட்டையிலிருந்த எண்ணில் அவரை அழைத்தேன். முதலில், கல்லைச் சோதித்தால் அப்படித்தான் காட்டும், உடம்பில் ஏறாது என்றார். அறிக்கை எண்ணெயினுடையது என்று சொன்னதும் குரல் மாறியது. பணத்தைத் திருப்பித் தருகிறேன், யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார். மறுநாளிலிருந்து அந்த எண் எடுக்கப்படவில்லை.

இனி வாங்குகிறவர்கள் பார்க்கவேண்டியதைச் சொல்கிறேன். நம் நாட்டில் தயாரான எந்தக் கண் மை, ஐலைனர், மஸ்காராவாக இருந்தாலும், உறையில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரிப்பு உரிம எண்ணும், தொகுதி எண்ணும், எந்தத் தேதிக்குள் பயன்படுத்தவேண்டும் என்பதும், சேர்மானங்களின் பட்டியலும் இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்று எண் இருக்கவேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து என்று விற்றாலும் உரிம எண்ணிலிருந்து விலக்கு கிடையாது. என் செப்பின் உறையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு மயில் படமும், ‘100% இயற்கை’ என்ற சொற்களும்தான் இருந்தன. காரீயமும் பூமியிலிருந்து எடுக்கப்படும் இயற்கைப் பொருள்தான். சேர்மானப் பட்டியலில் கறுப்பு நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு (நிறக் குறியீட்டு எண் சிஐ 77499) அல்லது கார்பன் பிளாக் (சிஐ 77266) என்று இருப்பது வழக்கமானது. பட்டியலே இல்லாத பொடி, உருவத்துக்கு மீறிக் கனக்கும் செப்பு, வெள்ளைத் தாளில் தேய்த்தால் மந்தமான கறுப்பாக இல்லாமல் சாம்பலாக மினுங்கும் கோடு, இவற்றில் எதைக் கண்டாலும் வாங்காதீர்கள். ஆனால் மினுங்கவில்லை என்பதற்காகப் பாதுகாப்பானது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். அதைச் சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும்.

இதற்குப் பின் என் அலமாரியிலிருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். குவாட்டர்னியம்-15, டிஎம்டிஎம் ஹைடன்டாயின், இமிடசோலிடினைல் யூரியா ஆகியவை சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுக் கிருமியைத் தடுக்கும் பதப்படுத்திகள். இமையின் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது என்பதால் அங்கே இவை ஒவ்வாமையை எளிதில் தூண்டும். இமை சிவந்து செதில் உதிர்கிறவர்கள் முதலில் இவற்றைத்தான் தேடவேண்டும். தைமரோசால் அல்லது ஃபினைல் மெர்குரிக் அசிடேட் என்று இருந்தால் அது பாதரசம். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் மற்ற அழகுசாதனங்களில் தவறிக் கலக்கும் பாதரசத்துக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கையே வரம்பாக வைத்துவிட்டு, கண்ணருகே இடுபவற்றுக்கு மட்டும் 70 பங்கு வரை அனுமதித்தன. கெட்டுப்போகாமல் காப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டாலும், கண்ணுக்குக் கூடுதல் சலுகை கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

அழகு நிலையங்களில் புருவத்துக்கும் இமைமுடிக்கும் தலைச்சாயத்தைத் தடவுவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தலைச்சாயத்தில் இருக்கும் பாரா ஃபினிலின் டையமின் கண்ணைக் கெடுக்கும் என்பது இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. 1930களில் அமெரிக்காவில் இந்தப் பொருள் சேர்ந்த இமைச்சாயம் ஒன்றால் பெண்கள் பார்வை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. அழகுசாதனங்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். புருவத்துக்கும் இமைக்கும் பயன்படுத்தக்கூடாது, பார்வை பறிபோகலாம் என்ற எச்சரிக்கையைத் தலைச்சாய உறையில் அச்சிடவேண்டும் என்று நம் விதிகளும் சொல்கின்றன. அடுத்த முறை யாராவது புருவத்தில் தடவ முன்வந்தால் அந்தப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வீட்டு மையில் காரீயம் இல்லைதானே, அதைக் குழந்தைக்கு இடலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். கண்ணுக்குள் எதுவும் வேண்டாம், புகைக்கரியும் தூய்மையற்ற விரலும் கண்ணுக்குத் தொற்றைக் கொண்டுவரும், திருஷ்டிக்கு என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் மாமியார் இப்போது அப்படித்தான் வைக்கிறார்.

புகார் கொடுக்கும் வழிகளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940இன் 26ஆம் பிரிவின்படி, விலைக்கு வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அந்தப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். தனியார் ஆய்வகத்துக்குப் போகுமுன் இது எனக்குத் தெரிந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கக் கட்டணமே இல்லை. எங்கள் விஷயத்தில் ரசீதுதான் சிக்கல்; நான் கேட்டு வாங்கவில்லை. பொருட்காட்சியில் வாங்கினாலும் ரசீதை விடாதீர்கள்.

45 மைக்ரோகிராமுக்குக் கீழே இருப்பதால் காரீயத்தைப் பிரித்தெடுக்கும் மருந்து என் மகளுக்குத் தேவைப்படவில்லை. மையை நிறுத்தி, தலையணை உறை முதல் பொம்மை வரை துவைத்து, இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் தொடர்ந்து கொடுத்து, ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 14. எனக்கும் சோதித்தார்கள்: 9. மூடியில் மயில் பொறித்த, குச்சியுடன் கூடிய சிறிய பித்தளைச் செப்பு உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் குப்பையில் கொட்டாமல் ஒரு கவரில் போட்டு மூடி வையுங்கள், குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், செப்பை உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் ஒப்படையுங்கள். எங்களுக்கு அடுத்த பரிசோதனை வரும் மாதம்.