4,260 டாலர் போச்சு: டார்வின் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நேற்று நள்ளிரவுதான் மெல்பர்ன் வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'நமக்கேன் வம்பு' என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி.

வட ஆஸ்திரேலியாவில் டார்வினுக்கு அப்பால், கோபர்க் தீபகற்பத்துத் தேசியப் பூங்காவில் ஐந்து இரவு கூடாரம் போட்டுத் தங்கி மீன் பிடிக்க ஒரு ஆளிடம் 'எல்லாம் அடங்கிய பேக்கேஜ்' வாங்கினேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அதன் கூரையிலேயே விரிக்கிற கூடாரம், பின்னால் கட்டி இழுக்க ஒரு சின்ன அலுமினியப் படகு, தூண்டில் சாமான், பூங்காவுக்குள் போக பெர்மிட் எல்லாம் சேர்த்து 4,260 டாலர். வண்டியும் இல்லை, படகும் இல்லை, பெர்மிட் போலி.

இத்தனைக்கும் இது அப்பாவுக்காகப் போட்ட திட்டம். தூத்துக்குடியிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார், 68 வயது. இங்கே பாராமண்டி என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற மீன் நம் ஊர்க் கொடுவாதான் என்று சொன்னதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. ஒரு மீட்டர் நீளக் கொடுவாவை இவர்கள் பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுவார்கள் என்றபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

விளம்பரம் வந்தது பழைய சோபாவும் சைக்கிளும் விற்கிற ஒரு சமூக வலைத்தளச் சந்தையில். முதலில் நானும் சந்தேகப்பட்டேன், அதனால்தான் போன் செய்து பேசினேன். அங்கேதான் விழுந்தேன்.

அந்த ஆள் என்னிடம் எதையும் விற்க முயலவில்லை. என்னைத் திட்டினான். பத்து வயதுப் பெண்ணும் வருகிறாள் என்றதும், "அப்படியானால் வராதீர்கள்" என்றான். கூடாரம் தண்ணீரிலிருந்து 50 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், கரையோரம் மீன் கழுவக் கூடாது, தினமும் ஒரே இடத்தில் இறங்கித் தண்ணீர் மொள்ளக் கூடாது, முதலை நம் பழக்கத்தைக் கவனித்துக் காத்திருக்கும் என்றான். போகிற வழியில் ஆற்றுக்குள் இறங்கிக் கடக்க வேண்டிய கேஹில்ஸ் கிராசிங்கில் கடல் அலை ஏற்றம் ஆற்றுக்குள் அவ்வளவு தூரம் வரும், அட்டவணை பார்க்காமல் வண்டியை இறக்கினால் அடித்துக்கொண்டு போய்விடும், பக்கத்திலேயே முதலைகள் வரிசையாகக் கிடக்கும் என்றான். அத்தனையும் உண்மை. பிறகு தேடிப் பார்த்தேன், ஒரு வார்த்தை பொய்யில்லை. பணத்தைப் பற்றி நான் கேட்டபிறகுதான் பேசினான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

இரண்டு நாளில் பெர்மிட் வந்தது. அரசாங்க முத்திரை, வண்டி எண், ஐந்து பேர் பெயர். அப்பாவின் இனிஷியல் உட்பட ஓர் எழுத்துப் பிழையில்லை. இந்த நாட்டில் பதினொரு வருடமாக என் பெயரைச் சரியாக எழுதிய முதல் ஆள் ஒரு திருடன்.

கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் 5 சதவீதம் தள்ளுபடி என்றான். "ஏங்க, கார்டிலேயே கட்டிடுங்களேன்" என்றாள் மனைவி. நான் தள்ளுபடியைப் பார்த்தேன். முன்பணம் 1,260, பாக்கி 3,000. தள்ளுபடி போகத்தான் இந்த 4,260 என்பது கூடுதல் வயிற்றெரிச்சல். கார்டு என்றால் இன்றைக்கு வங்கியிடம் சண்டை போட்டாவது திரும்பக் கேட்டிருக்கலாம்.

டார்வினில் இறங்கிய அன்று மாலை தூண்டில் கடை ஒன்றுக்குப் போனோம், அப்பாவுக்கு ஒரு தொப்பி வாங்க. கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். ஜூலையில் பாராமண்டியா என்று சிரித்தார். இந்த மாதத்தில் தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாகிவிடும், மழைத் தண்ணீர் வடிகிற மார்ச், ஏப்ரலில் அல்லவா வந்திருக்க வேண்டும் என்றார். அந்த ஆள் எனக்கு அனுப்பிய படமெல்லாம் ஜூலையில் பிடித்த மீன்களாம்! அப்புறம் கடைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கோபர்க் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. "ஒரே நேரத்தில் 20 வண்டிதான் விடுவார்கள். உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

மறுநாள் காலை பூங்கா அலுவலகத்துக்கு போன் செய்தேன். அந்த அம்மா பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பெர்மிட் எண்ணே இல்லை என்றார். கோபர்க் போகும் வழியில் அந்த ஆற்றைத் தாண்டினால் ஆர்னெம் லேண்ட், பழங்குடி மக்களின் நிலம். 1976ஆம் வருடச் சட்டப்படி அது அவர்களுடையது, அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். வண்டி கிடைத்திருந்தால் நாங்கள் அந்தக் காகிதத்தை நம்பிப் போயே இருப்போம். டார்வினிலிருந்து சுமார் 570 கிலோமீட்டர், கடைசிப் பாதி மண் ரோடு, போன் சிக்னல் கிடையாது. அதை நினைத்தால்தான் இப்போதும் கை நடுங்குகிறது.

அப்போதும் ஒரு நப்பாசை. வண்டி எடுக்கச் சொன்ன இடத்துக்குப் போனோம். தொழிற்பேட்டைக்குள் பூட்டிய கம்பிவேலி. பக்கத்துப் பட்டறை ஆள் வெளியே வந்து, நாங்கள் வாய் திறக்கும் முன்பே கேட்டார்: "படகு தேடித்தானே வந்தீர்கள்?"

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. 'வண்டி மெக்கானிக்கிடம் இருக்கிறது, மதியம் வரும்.' மதியம், 'நாளைக் காலை.' காலையில், 'பெர்மிட் விஷயமாக அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன்.' நான் அலுவலகத்தில் ஏற்கனவே பேசிவிட்டேன் என்று எழுதியதும் தொனி மாறியது. நாங்கள் சொன்ன நேரத்தில் வரவில்லையாம், அதனால் முழுத் தொகையும் ரத்துக் கட்டணமாம். 4,260 டாலர் ரத்துக் கட்டணம்! அதற்குப் பதில் எழுதுவதற்குள் என்னை பிளாக் செய்துவிட்டான்.

அந்த வலைத்தளத்தில் புகார் கொடுத்தேன். நான்கே நிமிடத்தில் பதில்: விளம்பரம் எங்கள் விதிகளை மீறவில்லை. வங்கியில் நாற்பது நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு, "நீங்களே அனுப்பியதுதானே?" என்றார்கள். நானே அனுப்பியதுதான். மீட்க முயல்வார்களாம், உறுதி சொல்ல முடியாதாம். அரசின் மோசடிப் புகார் தளங்களான ஸ்கேம்வாட்சிலும் ரிப்போர்ட் சைபரிலும் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது இரண்டு குறிப்பு எண்கள்.

மிச்ச நாட்களுக்கு ஒரு சின்ன வாடகைக் கார் எடுத்து டார்வினிலேயே சுற்றினோம். நைட்கிளிஃப் பாலத்தில் அப்பா கையில் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்திருந்தார். விரல் நீள மீன் ஒன்று மாட்டியது, திரும்ப விட்டுவிட்டார். "சரி விடுலே, ஊர்ல கொடுவா இல்லையா?" என்றார். மச்சினன் மட்டும், "அத்தான், அந்த ஏபிஎன் எண்ணையாவது பார்த்திருக்கலாம்" என்று விமானம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏபிஎன் என்பது இங்கே தொழில் செய்கிறவர்களுக்கு அரசு தரும் பதிவு எண். இப்போது பார்த்தேன். ரத்தான எண். இலவசமாகப் பார்க்கலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது.

எல்லா விவரமும் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், முடியவில்லை, தலை வலிக்கிறது. சுருக்கமாக: பெர்மிட்டை நீங்களே நேராக அரசுத் தளத்தில் விண்ணப்பியுங்கள், வேறு யாரையும் எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். யாராவது தந்தால் அலுவலகத்தில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கார்டில் மட்டும் கட்டுங்கள். பாஸ்போர்ட் நகல் அனுப்பாதீர்கள். நான் ஐந்து பேருடையதையும் அனுப்பியிருக்கிறேன், அந்தக் கவலை தனி.

இதை எழுதும்போதே மனைவி அவள் கணக்கிலிருந்து தேடிப் பார்த்தாள். விளம்பரம் இன்று காலை மறுபடி வந்திருக்கிறது. அதே வண்டி, அதே படகு. விலை மட்டும் 200 டாலர் குறைத்திருக்கிறான்.