யாகி ஆன்டெனா: எத்தனை எலிமெண்ட் என்பதை விட எவ்வளவு இடைவெளி

ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசும் இரண்டு மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் சுமார் இரண்டு மீட்டர்) என்னிடம் இரண்டு யாகி ஆன்டெனாக்கள் இருக்கின்றன. பூம் என்ற நீளத் தண்டில் குறுக்காக வரிசையாகக் கம்பிகள் நிற்கும், ஒரு திசையைக் குறிவைக்கும் ஆன்டெனாதான் யாகி. அந்தக் கம்பிகள்தான் எலிமெண்ட்டுகள். ஒன்று கையில் தூக்கிப்போவது, இன்னொன்று மொட்டை மாடியில் நிற்பது. இரண்டும் வீட்டில் செய்தவை, சில வருடங்களாக வெயில், மழை, காக்கை எல்லாம் பார்த்தவை. யாகி என்றாலே எத்தனை எலிமெண்ட் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். புழங்கிப் பார்த்ததில், அந்த எலிமெண்ட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம் என்பதுதான் அன்றாடம் கையில் தட்டுப்படுகிறது.

முதலில் கையில் இருப்பது. டபிள்யூபி2ஹெச்ஓஎல் என்ற அமெரிக்க ஹாம் வடிவமைத்த, உலகம் முழுக்கப் பலரும் செய்து பார்த்த மூன்று எலிமெண்ட் ஆன்டெனா. பிவிசி குழாய், டெய்லர் டேப் இல்லை, ஆசாரி வைத்திருக்கும் இரும்பு அளவு டேப், நாலைந்து ஹோஸ் கிளாம்ப். அவ்வளவுதான். மூல அளவு 146.565 மெகாஹெர்ட்ஸுக்கு. நமக்கு இந்தியாவில் 144 முதல் 146 வரைதான் அனுமதி என்பதால் டேப் துண்டுகளை ஒரு சதவீதம்போல நீட்டி வெட்டினேன். பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டருக்கும் கேபிள் இணையும் டிரிவன் எலிமெண்ட்டுக்கும் நடுவே 20 செ.மீ., டிரிவனுக்கும் முன்னால் நிற்கும் டைரக்டருக்கும் நடுவே 32 செ.மீ. இந்த பேண்டில் ஒரு அலைநீளம் சுமார் 207 செ.மீ. ஆக, ரிஃப்ளெக்டர் பத்தில் ஒரு பங்கு தூரத்தில்தான் நிற்கிறது. யாகி கணக்கில் இது நெருக்கம்.

இந்த நெருக்கம் எதற்கு என்பது ஃபாக்ஸ் ஹண்டிங் போனால் புரியும். ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடும்போது முன்பக்கம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது பெரிய விஷயமில்லை. பின்பக்கம் எவ்வளவு கேட்காமல் போகிறது என்பதுதான் திசையைச் சொல்லும். ஆன்டெனாவைத் திருப்பிப் பிடித்தால் சிக்னல் பொத்தென்று விழ வேண்டும். இதில் விழுகிறது.

குழாய்த் துண்டை மாற்றினாலே இடைவெளி மாறிவிடும் என்பதால், ரிஃப்ளெக்டர் பக்கத் துண்டை மட்டும் 40 செ.மீ. ஆக்கிப் பார்த்தேன். முன்பக்கம் காதுக்கு எதுவும் கூடவில்லை. பின்பக்கம்தான் நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. எஸ்டபிள்யூஆரும் (அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் விகிதம், குறைந்தால் நல்லது) இடம் மாறியது. காரணம் சிக்கலானதில்லை. ரிஃப்ளெக்டரில் ஓடும் மின்னோட்டம் எந்தக் கட்டத்தில் (ஃபேஸ்) ஓட வேண்டும் என்பதை அதன் நீளமும் தூரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பின்பக்கம் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டும் என்றால் இரண்டும் பொருந்தி வர வேண்டும். தூரத்தை மாற்றினால் நீளத்தையும் தொட்டாக வேண்டும். இடைவெளியை மட்டும் தனியாகத் திருகுகிற வசதி யாகியில் கிடையாது.

நெருக்கத்துக்கு விலையும் உண்டு. டிரிவன் எலிமெண்ட்டின் மின்மறுப்பு, கேபிளுக்குப் பொருந்தும் 50 ஓமை விட நன்றாக இறங்கிவிடுகிறது. அதை ஏற்றத்தான் நடுவில் ஹேர்பின் போல வளைத்த ஒரு கம்பி. நல்ல எஸ்டபிள்யூஆர் கிடைக்கும் அகலமும் குறுகல். தூறலில் பிடித்து நின்றால் டேப்பில் ஒட்டும் தண்ணீருக்கே ஒத்திசைவு கொஞ்சம் கீழே நகர்வதை நானோ விஎன்ஏ என்ற ஆன்டெனா அளக்கும் கருவியின் திரையில் பார்க்கலாம்.

மாடியில் இருப்பது வேறு சாதி. ஜெர்மானிய ஹாம் குந்தர் ஹோக், அழைப்புக்குறி டிஎல்6டபிள்யூயூ, சொன்ன இடைவெளி வரிசை. ரிஃப்ளெக்டர் 0.2 அலைநீளம் பின்னால், அதாவது 41 செ.மீ. முதல் டைரக்டர் மட்டும் டிரிவனை ஒட்டி, 15.5 செ.மீ. அப்புறம் 37, 44, 52 என்று போகப்போக விரிந்துகொண்டே போகும். நீளமான யாகிகளுக்கான விதிதான் இது. நான் நாலு டைரக்டரோடு நிறுத்திக்கொண்டேன். பூம் இரண்டு மீட்டருக்குள் அடங்கிவிட்டது. டிரிவன் எலிமெண்ட்டாக ஒரு மடிந்த டைபோல் (வளையமாக மடித்த அரை அலைநீளக் கம்பி), அதைக் கேபிளோடு சமன்செய்து இணைக்கும் பாலனாக 68 செ.மீ. கோஆக்ஸ் வளையம் ஒன்று.

அந்த ஒட்டி நிற்கும் முதல் டைரக்டர்தான் சுவாரசியமானது. பார்த்தால் மூன்றாவது நாலாவது டைரக்டர்களோடு சேர்ந்த இன்னொரு கம்பி மாதிரி இருக்கும். அதை ஒரு செ.மீ. நகர்த்தினால் விஎன்ஏயில் வளைவு உடனே ஆடுகிறது. கடைசி டைரக்டரை இரண்டு மூன்று செ.மீ. நகர்த்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. முதலாவது மேட்சிங்குக்கும் (கேபிளோடு பொருந்துவது) பேண்டு அகலத்துக்கும் உழைக்கிறது. கடைசியில் இருப்பவை கெயினுக்கு, அதாவது முன்பக்கம் சிக்னலைக் கூட்டுவதற்கு. அதனால் முதல் டைரக்டரின் பிடிமானத்தை மட்டும் வருடா வருடம் இறுக்கிவிடுகிறேன். காக்கை உட்கார்ந்து மற்ற கம்பிகள் லேசாக வளைந்ததைக் கண்டுகொள்வதில்லை. 144 முதல் 146 வரை எங்கே போனாலும், அடைமழையிலும், எஸ்டபிள்யூஆர் தொந்தரவு தந்ததில்லை.

ரிப்பீட்டர் (கேட்டதை அப்படியே திருப்பி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேச ஆன்டெனாவின் கம்பிகளைச் செங்குத்தாகத் திருப்பினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தாங்கும் இரும்புக் கம்பமும் ஒரு எலிமெண்ட் ஆகிவிடும். பூமின் நடுவில் கம்பம் வந்தால், கணக்குப் போட்டு வைத்த இடைவெளிகளுக்குள் அழையா விருந்தாளியாக ஒரு நீள எலிமெண்ட் நுழைந்த மாதிரி. என்னுடையதை ரிஃப்ளெக்டருக்கும் பின்னால் பிடித்திருக்கிறேன். எடை ஒரு பக்கம் இழுக்கும், அதற்கு ஒரு முட்டு. பரவாயில்லை.

சரி, கெயின்? அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்பிஎஸ் 1976-இல் வெளியிட்ட அளவுகளில் 0.4 அலைநீள பூமுக்கு டைபோலை விட 7.1 டெசிபல், 0.8-க்கு 9.2. பூமை இரட்டிப்பாக்கினால் இரண்டு டெசிபல் சொச்சம். ரேடியோவில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு எஸ் என்பது 6 டெசிபல் என்று கணக்கு. ஊசி அசைந்ததா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் எஃப்எம்மில் இரைச்சலின் விளிம்பில் ஒரு நிலையம் தத்தளிக்கும்போது அந்த இரண்டு டெசிபல்தான் பேச்சைப் புரியவைக்கும். அதே பூமில் இன்னும் இரண்டு கம்பியைச் செருகலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கெயின் பூமின் நீளத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. நெருக்கிச் செருகினால் மேட்சிங்தான் கெடும்.

சர்வதேச விண்வெளி நிலையத்தை 145.800-இல் கேட்க எடுத்துப்போவது சின்னதைத்தான். அதன் பீம் அகலமானது என்பதால் கை கொஞ்சம் பிசகினாலும் சிக்னல் போகாது. நிலையத்தின் ரிப்பீட்டர் பூமிக்கு அனுப்பும் 437.800-க்கும் ஒன்று செய்யும் எண்ணம் இருக்கிறது. அங்கே அலைநீளம் 68 செ.மீ.தான், அதே வரிசைப்படி முதல் டைரக்டர் டிரிவனிலிருந்து 5 செ.மீ.யில் நிற்க வேண்டும். பிவிசி கிராஸ் (குழாய்களைக் குறுக்காக இணைக்கும் நாலுவழித் துண்டு) இரண்டை அவ்வளவு நெருக்கமாக வைத்தால் முட்டிக்கொள்ளும். அதனால் இந்த முறை துளை போட்ட மரச்சட்டம்தான்.